'பை' என்னும் காலச் சொல்லும் தமிழில் அதன் இடமும்

வங்கக் கடலில் புயல் உருவாகும் நாட்களில், வானிலைத் துறையினர் மீனவர்களுக்கு விடுக்கும் ஆங்கில அறிவிப்பில் இரண்டு செய்திகள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். ஆழ்கடலில் இருப்பவர்கள் இன்ன தேதிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது ஒன்று. இன்ன தேதி வரை எவரும் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் வாக்கியத்தில் தேதிக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலச் சொல் 'பை'. இரண்டாவதில் நிற்பது 'டில்' அல்லது 'அன்டில்'. மொழிபெயர்ப்போர் அவசரத்தில் இவற்றை இடம் மாற்றிவிட்டால் விளைவு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 'மூன்றாம் தேதி வரை கரை திரும்பலாம்' என்று கேட்பவர், மூன்றாம் தேதி மாலை வரையில் வலை வீச அனுமதி இருப்பதாகவே கொள்வார். 'ஐந்தாம் தேதிக்குள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று கேட்பவருக்கு, ஐந்தாம் தேதியன்றே போகலாமோ என்ற ஐயம் எழும். படகின் உயிர்கள் ஒரு வேற்றுமை உருபையும் ஒரு பின்னொட்டையும் நம்பியிருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்கின்ற நம்மவர்க்கு இந்தச் சொல் கடலோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வங்கிக் கடிதம், தேர்வு விண்ணப்பம், அலுவலக ஆணை ஆகிய அனைத்திலும் 'பை' என்னும் இரண்டெழுத்து ஆங்கிலச் சொல் ஒரு நாளையோ மணியையோ முன்னிட்டு நின்று நம்மை விரட்டுகிறது. ஆகவே இதன் பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனற்ற இலக்கண விளையாட்டு ஆகாது.

நம்மிற் பலர் பள்ளியில் 'பை' என்பதற்குக் கற்ற முதற்பொருள் 'ஆல்' என்பதே. இராமனால் வில் முறிக்கப்பட்டது என்பது போன்ற செயப்பாட்டு வினை வாக்கியங்களை எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்கும் மூன்றாம் வேற்றுமைக்கும் நம் மனத்தில் பிரிக்க முடியாத உறவு ஏற்பட்டுவிட்டது. பிற்பாடு 'பை மண்டே' என்று காணும்போது, திங்கட்கிழமையால் என்ன செய்யப்பட்டது என்று ஒரு கணம் திகைக்கிறோம். உண்மையில் அச்சொல்லின் பழம்பொருள் 'அருகில்' என்பதாகும். ஆற்றின் அருகே, சாலையின் ஓரமாக என்று இடத்தைக் குறித்தது பின்னர் காலத்துக்கும் பரவிற்று. திங்கட்கிழமை என்பதை வழியில் நட்ட ஒரு கல்லாகக் கொண்டால், அக்கல்லை நாம் கடந்துபோவதற்கு முன்பு காரியம் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பதே 'பை மண்டே'யின் கருத்து. எப்போது நடந்தாலும் சரி. இன்று நடக்கலாம், நாளை நடக்கலாம், திங்கள் மாலையிலும் நடக்கலாம். கல்லைத் தாண்டக் கூடாது.

இதற்குத் தமிழில் 'குள்' என்று முடியும் வடிவம் இயல்பாகவே அமைந்திருக்கிறது. நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு'வோடு 'உள்' சேர்ந்து, திங்கட்கிழமைக்குள், மாலைக்குள், பொங்கலுக்குள் என்று வருகிறது. இப்பொழுது தொடங்கிக் குறித்த நாள் முடிய உள்ள காலத்தை ஒரு வீடாகக் கற்பித்து, அதன் உள்ளே காரியம் நிகழ வேண்டும் என்று தமிழ் சொல்கிறது. 'வரை' என்பதோ எல்லை. திங்கட்கிழமை வரை என்றால், அந்த எல்லைக்கோட்டை எட்டும்வரை ஒரு நிலை இடையறாது நீடிக்கிறது என்று பொருள். இதுவே ஆங்கிலத்தின் 'டில்'.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. வாக்கியத்தின் வினையைப் பார்க்க வேண்டும். நீடிக்கக்கூடிய வினையா, நடந்து முடியக்கூடிய வினையா என்று கேட்க வேண்டும். இருத்தல், தங்குதல், காத்திருத்தல், திறந்திருத்தல் ஆகியவை நீடிப்பவை. அவற்றோடு 'வரை'யும் 'டில்'லும் பொருந்தும். சேர்தல், முடித்தல், செலுத்துதல், திருப்பிக் கொடுத்தல் ஆகியவை ஒரு கணத்தில் முற்றுப்பெறுபவை. அவற்றோடு 'குள்'ளும் 'பை'யும் பொருந்தும். கடை எட்டு மணி வரை திறந்திருக்கும். அதே கடை எட்டரை மணிக்குள் பூட்டப்பட்டுவிடும். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தை வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். நாள் ஒன்றே, புத்தகம் ஒன்றே, கட்டளையும் ஏறக்குறைய ஒன்றே. வினை மாறியதால் உருபு மாறிற்று. தமிழர் எவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பேசும்போது தவறுவதும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தத் தமிழறிவையே துணைக்கு அழைத்துக்கொண்டால் போதும். 'குள்' வருமிடத்தில் 'பை', 'வரை' வருமிடத்தில் 'டில்' என்ற கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை.

எதிர்மறை வாக்கியத்தில்தான் சற்று எச்சரிக்கை வேண்டும். தைக்கக் கொடுத்த சட்டையைக் கேட்கச் சென்றபோது, தையற்காரர் ஆங்கிலத்தில் 'நாட் டில் மண்டே' என்கிறார் என்று கொள்வோம். திங்கட்கிழமை வரை ஆகாது, அதாவது திங்களன்று கிடைக்கும் என்பது அதன் உட்கருத்து. அவரே 'நாட் பை மண்டே' என்று கூறினால், திங்களுக்குள் முடியாது என்று மட்டுமே ஆகிறது. எப்போது முடியும் என்பதை அவர் சொல்லவில்லை. செவ்வாயாக இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். முன்னதில் ஒரு வாக்குறுதி மறைந்திருக்கிறது. பின்னதில் மறுப்பு மட்டுமே இருக்கிறது. அலுவலகக் கடிதங்களில் இந்த வேற்றுமை பணத்தையே நிர்ணயிக்கக் கூடியது. 'மார்ச் 31 வரை தொகை வழங்கப்படமாட்டாது' என்ற கடிதத்தைப் பெற்றவர் ஏப்ரல் முதல் வாரத்தில் நம்பிக்கையோடு விசாரிக்கலாம். 'மார்ச் 31க்குள் தொகை வழங்க இயலாது' என்ற கடிதம் பெற்றவருக்கு அந்த உரிமை இல்லை.

இனி, வடக்கே வாழும் தமிழர்களின் தனிச் சங்கடத்துக்கு வருவோம். இந்தியில் 'தக்' என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலைகளையும் பார்க்கிறது. 'சோம்வார் தக் ரஹேகா' என்றால் திங்கட்கிழமை வரை இருப்பான். 'சோம்வார் தக் ஆ ஜாயேகா' என்றால் திங்கட்கிழமைக்குள் வந்துவிடுவான். பேதத்தை வினையே தெளிவாக்கிவிடுவதால் இந்தி பேசுவோர்க்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. மராத்தியின் 'பர்யந்த்' என்பதும் பொதுவாக இவ்வாறே இரு பொருளுக்கும் பயன்படுகிறது. எல்லா வடமொழிகளும் இப்படி என்று கருதிவிடக் கூடாது. குஜராத்தியில் 'சுதீ' என்றால் வரை. அதனோடு 'மாம்' சேர்ந்து 'சுதீமாம்' ஆனால் அதற்குள் என்று பொருள். வங்காளத்தில் 'போர்ஜொந்தோ' என்றும் 'மொத்தே' என்றும் ஒலிக்கும் இரு சொற்கள் இவ்விரு பொருளையும் பங்கிட்டுக்கொள்கின்றன. தென்னிந்திய மொழிகளில் மலையாளத்தின் 'வரெ', 'அகம்' என்பனவும், கன்னடத்தின் 'வரெகெ', 'ஒளகெ' என்பனவும், தெலுங்கின் 'வரகு', 'லோபல' என்பனவும் நம்முடைய பகுப்பையே பின்பற்றுகின்றன. ஆகவே கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் உள்ள தமிழரைவிட டில்லியிலும் கான்பூரிலும் போபாலிலும் உள்ள தமிழரே இதில் இடறி விழ வாய்ப்பு அதிகம்.

இடறுவது ஆங்கிலத்தில் மட்டுமானால் பரவாயில்லை, தமிழிலேயே இடறுகிறோம் என்பதுதான் கவலைக்குரியது. இந்திச் சூழலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், 'தக்' என்பதை 'வரை' என்றே மனத்துக்குள் மாற்றிக்கொண்டு, 'சாயங்காலம் வரை வீட்டுப்பாடத்தை முடிக்கிறேன்' என்று கூறக் கேட்கிறோம். தாய் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஊரில் உள்ள பாட்டிக்கு அது எட்டும்போது சிரிப்பாக இராது. வேலை நிமித்தம் வடக்கே சென்ற ஒரு மகன், 'பொங்கல் வரை ஊருக்கு வருகிறேன்' என்று செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்குள் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவேன் என்பது அவன் கருத்து. படிப்பவர்களுக்கு அது எப்படித் தோன்றும்? இப்போதே புறப்பட்டு வருகிறான், பொங்கல் வரை உடன் இருப்பான், பொங்கல் கழிந்ததும் போய்விடுவான் என்றே தோன்றும். மார்கழி பிறந்ததிலிருந்து வாசலைப் பார்த்துக் காத்திருக்கும் பெற்றோருக்கு, போகியன்று இரவு வந்து நிற்கும் மகன் ஒரு மாதம் தாமதமாக வந்தவன் ஆகிறான். அவனோ சொன்ன சொல் தவறாதவன்! தவறியது ஒரு பின்னொட்டு மட்டுமே.

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்போர் சங்க வகுப்புகளில் பெரும்பாலும் எழுத்தையும் செய்யுளையும் கற்பிக்கிறார்கள், அவை வேண்டியவையே. ஆயினும் இத்தகைய சிறு உருபுகளை வீட்டில் பேச்சினிடையே திருத்திக் கொடுப்பது அதற்குக் குறைந்த தொண்டு அன்று என்பது நம் கருத்து. அடுக்களையில் நின்றபடியே செய்யக்கூடிய தொண்டும் ஆகும். 'வரை' என்று பிள்ளை சொன்னவுடன், 'அதுவரை செய்துகொண்டே இருப்பாயா, அதற்குள் முடித்துவிடுவாயா?' என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

ஒரே நாள் ஒரு சாராருக்கு 'வரை' ஆகவும் மறு சாராருக்கு 'குள்' ஆகவும் தோன்றிய பெரிய உதாரணம் ஒன்று நம் நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு, இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்று கூறிவிட்டு, அதுகாறும் ஆங்கிலம் பயன்பட்டு வந்த காரியங்களுக்கு மேலும் 15 ஆண்டுக் காலம் ஆங்கிலமே தொடர்ந்து பயன்படும் என்று விதித்தது. வாசகத்தைப் பார்த்தால் அது ஒரு நீடிப்பைப் பற்றியது. ஆங்கிலத்துக்கு அது 1965 வரை. மறுபுறமிருந்து அதை நோக்கியவர்களுக்கோ, 1965க்குள் இந்தி முழுமையாக அவ்விடத்தில் அமர்ந்துவிட வேண்டும் என்ற கெடுவாக அது தோன்றிற்று. அந்த நாள் நெருங்கியபோது இவ்விரு நோக்குகளும் மோதின. 15 ஆண்டு முடிந்த பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஏற்பாடு செய்திருந்தது. 'தொடரலாம்' என்பது போதாது, 'தொடரும்' என்று இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் எழுந்த கோரிக்கையும், 1965 ஜனவரியில் அங்கு நடந்த கிளர்ச்சியும் உயிரிழப்புகளும் யாவரும் அறிந்தவை. 1967இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுக்கு ஆங்கிலத்தின் தொடர்ச்சி உறுதி செய்யப்பட்டது. இன்று வரை, இங்கே 'வரை' என்பதே சரியான சொல், அந்நிலை நீடிக்கிறது.

அடுத்து வரும் வினா, 'பை' என்னும் சொல் குறித்த நாளையும் உள்ளடக்குமா என்பது. '15ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்கவும்' என்றால் 15ஆம் தேதியன்று விண்ணப்பிக்கலாமா? ஆங்கில வழக்கில் 'பை' என்பது பொதுவாக அந்நாளையும் சேர்த்துக்கொள்ளும். அந்நாளை விலக்க வேண்டுமாயின் 'பிஃபோர்' என்பார்கள். தமிழில் 'குள்' என்பது அத்துணைத் தெளிவாக இல்லை. சிலர் 14ஆம் தேதியே கதவு மூடிவிடும் என்று கொள்கிறார்கள். சிலர் 15ஆம் தேதி நள்ளிரவு வரை அமைதியாக இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் ஐயம் எழக்கூடும் என்பதனால்தான் சட்டம் எழுதுவோர் வெறும் 'பை'யை நம்பாமல் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று விரித்து எழுதுகிறார்கள். அதைத் தமிழாக்கும்போது '15ஆம் தேதியன்றோ அதற்கு முன்போ' என்று எழுதுவது சற்று நீளமானாலும் பழுதற்றது. சுருக்கம் வேண்டுவோர் '15ஆம் தேதி முடிவதற்குள்' எனலாம். மொழிபெயர்ப்பாளர்களாகிய நமக்கு அழகைவிட இந்த நீளமே உகந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவருக்கு நம் நடையின் அழகு ஆறுதல் தராது.

நாள் போலவே மணியும் கவனிக்கத்தக்கது. '15ஆம் தேதி நள்ளிரவுக்குள்' என்ற தொடர் எந்த இரவைக் குறிக்கிறது? 14ஆம் தேதியும் 15ஆம் தேதியும் சந்திக்கும் நள்ளிரவையா, 15ஆம் தேதியும் 16ஆம் தேதியும் சந்திக்கும் நள்ளிரவையா? இரண்டுக்கும் இடையே ஒரு முழு நாள் கிடக்கிறது. 00.20 மணிக்குப் புறப்படும் இரயிலுக்கு 15ஆம் தேதியிட்ட பயணச்சீட்டு வாங்கியவர், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு உணவை முடித்துவிட்டு மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினால், வண்டி அதற்குள் பல நூறு மைல் சென்றிருக்கும். ஊருக்குப் போகும் குடும்பங்கள் இவ்வாறு ஏமாறுவது இரயில்வே ஊழியர்களுக்குப் புதிய காட்சி அன்று. கெடு வைப்பவர்கள் நள்ளிரவு என்ற சொல்லைத் தவிர்த்து 23.59 என்று எழுதும் வழக்கம் இதனாலேயே பரவியிருக்கிறது.

நாட்களை எண்ணும் முறைக்கு நம் நாட்டில் சட்டமே உண்டு. 1897ஆம் ஆண்டின் பொதுச் சொற்பொருள் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, மத்தியச் சட்டங்களில் 'ஃப்ரம்' என்று ஒரு நாள் குறிக்கப்பட்டால் அந்த முதல் நாள் கணக்கில் சேராது. 'டு' என்று குறிக்கப்படும் கடைசி நாள் சேரும். 10ஆவது பிரிவு இன்னும் பயனுள்ளது. ஒரு நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ குறித்த நாளுக்குள் செய்ய வேண்டிய காரியத்தின் கடைசி நாளில் அவ்விடம் மூடப்பட்டிருந்தால், அது மறுபடி திறக்கும் அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகவே கருதப்படும். வழக்குகளுக்கான காலவரையறைச் சட்டத்தில் இதே போன்ற ஏற்பாடு தனியாக இருக்கிறது. ஆனால் இச்சலுகையைக் கண்ட இடத்திலெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. மத்தியச் சட்டத்தின்படி செய்யும் காரியங்களுக்கு ஏற்பட்டது அது. ஐந்தாம் தேதிக்குள் வாடகை கேட்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம், ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று 10ஆவது பிரிவை எடுத்துக் காட்டுவதில் பயனில்லை.

'குள்' என்பதற்கு இன்னொரு பணியும் இருப்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 15ஆம் நாளுக்குள் என்றாலும் 'குள்'. 15 நாளுக்குள் என்றாலும் 'குள்'. ஆங்கிலத்தில் முன்னது 'பை', பின்னது 'வித்தின்'. ஒன்று காலத்தின் ஒரு புள்ளி. மற்றொன்று காலத்தின் நீளம். ஆகவே 'பை ஃபிஃப்டீன் டேஸ்' என்று நம்மவர் எழுதுவது ஆங்கிலமாகாது. 'வித்தின்' வந்துவிட்டால் எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, காசோலை பணமின்றித் திரும்பினால், பணம் கேட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் உண்டு. கட்டாவிடில் அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சாகேத் இந்தியா வழக்கில், வழக்குக்கான காரணம் எழுந்தது 1995 அக்டோபர் 15. புகார் கொடுக்கப்பட்டது நவம்பர் 15. அக்டோபர் 15ஐச் சேர்த்து எண்ணினால் மாதம் நவம்பர் 14இல் முடிந்துவிடுகிறது. புகார் ஒரு நாள் தாமதம். விலக்கி எண்ணினால் நவம்பர் 15 கடைசி நாள், புகார் செல்லும். முதல் நாளை விலக்கியே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வேறொரு வழக்கில் மாறுபட்ட கருத்து வெளிவரவே, மூன்று நீதிபதிகள் அமர்வு 2013இல் பிரச்சினையை மீண்டும் ஆராய்ந்து, சாகேத் தீர்ப்பே சரி என்று முடிவு கூறிற்று. ஒரு நாளை எண்ணுவதா வேண்டாமா என்பதைத் தீர்க்க நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. இரயில்வேயினர் இத்தகைய தொல்லையை முன்கூட்டியே தவிர்த்துக்கொள்கிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டபோது, பயண நாள் நீங்கலாக 60 நாள் என்றே அறிவிக்கப்பட்டது.

நாள், மணி போக, ஆண்டோடும் 'பை' வருகிறது. செய்தி மொழிபெயர்ப்பில் இது அன்றாடத் தலைவலி. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், கரிம வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்கும் இலக்கை இந்தியா 2070க்குள் எய்தும் என்று பிரதமர் அறிவித்தார். இதை '2070 வாக்கில்' என்று எழுதுவோர் உண்டு. 'வாக்கில்' என்பது ஏறக்குறைய என்ற பொருளைத் தரும். 2068 ஆனாலும் 2073 ஆனாலும் 'வாக்கில்' என்பது பொய்யாகாது, 2073 ஆனால் 'குள்' பொய்யாகிவிடும். உறுதிமொழியை உத்தேசமாக மாற்றிவிடுவது மொழிபெயர்ப்பாளரின் அதிகாரத்துக்கு உட்பட்டது அன்று.

மீதமுள்ளவற்றில் 'பை த டைம்' என்பது ஒன்றே விளக்கம் வேண்டுவது. 'நாம் நிலையம் சேர்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது' என்று தமிழில் கூறுகிறோம். வினையடியோடு 'வதற்குள்' சேர்ந்தால் 'பை த டைம்' ஆகிவிடுகிறது. 'புறப்பட்டுவிட்டது' என்பதில் உள்ள 'விடு' என்னும் துணைவினை, ஆங்கிலத்தின் 'ஹாட் லெஃப்ட்' செய்யும் வேலையை அமைதியாகச் செய்துவிடுகிறது. எதிர்காலத்துக்கு இதைக் கூறும்போது நம்மவர் 'பை த டைம் ஐ வில் ரீச்' என்று எழுதிவிடுகிறார்கள். நிகழப் போவது எதிர்காலத்தில்தானே என்பது அவர்கள் வாதம். ஆங்கில மரபு அவ்வாறு அன்று. 'பை த டைம்' தலைமை தாங்கும் பகுதியில் நிகழ்கால வினையே வரும். எதிர்காலம் மற்றப் பகுதியில்தான் தோன்றும். தமிழிலும் 'சேர்வதற்குள்' என்பது காலம் காட்டாமல்தானே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மரபு விளங்கிவிடும்.

'பை நௌ' என்பதற்கு 'இப்போதைக்குள்' என்று அகராதி வழியே நின்று மொழிபெயர்ப்பதைக் காண்கிறோம். அதனினும் அழகிய சொல் ஒன்று நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குகிறது. பிள்ளையை வண்டியேற்றிவிட்டு வந்து மறுநாள் மாலை கடிகாரத்தைப் பார்க்கும் தாய், 'இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான்' என்கிறாள். ஆங்கிலத்தில் 'பை நௌ ஹி மஸ்ட் ஹாவ் ரீச்ட்' என்பது அப்படியே அதுதான். கணிப்பும் கவலையும் கலந்த அந்த 'இந்நேரம்' இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

'பை டே', 'பை நைட்' என்றால் பகலில், இரவில் என்று மட்டுமே பொருள்; அங்கே கெடு ஏதும் இல்லை. 'டே பை டே' நாளுக்கு நாள். 'பை த டே', 'பை த மந்த்' என்பவை கூலி பேசும்போது வருபவை. நாட்கூலி, மாதச் சம்பளம் என்ற அளவையே அவை குறிக்கும். வேலை தேடி வெளிமாநிலம் சென்ற தொழிலாளர் சிலர், ஒப்பந்தத்தில் 'பெய்ட் பை த மந்த்' என்று கண்டு, மாதம் முடிவதற்குள் பணம் கைக்கு வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அத்தொடரில் அந்த உறுதி இல்லை. அதைத் தருவது சட்டம். மாத ஊதியம் அடுத்த மாதத்தின் ஏழாம் நாள் முடிவதற்கு முன் வழங்கப்பட வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. ஏழாம் தேதிக்குள் என்று விட்டுவிடாமல், ஏழாம் நாள் முடிவதற்கு முன் என்று அது எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஏழாம் தேதி மாலை வரை முதலாளிக்கு அவகாசம் உண்டு. எட்டாம் தேதி காலை முதல் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.